லேட்டுக்கும் ஜெயிலுக்கும் ஒரே உயிர்: ஆங்கில ‘எஇ’ ஒலியைப் பழகும் வழி

தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். லேட், கேட், ரேட், கேக், பிளேட், டேப் என்று ஒரு கூட்டம். ஜெயில், மெயில், பெயிண்ட், ட்ரெயின், வெயிட், செயின் என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தில் ஏகாரம் அசையாமல் நிற்கிறது. இரண்டாவதில் எகரமும் யிகரமும் தனித்தனியே விழுகின்றன. கைதட்டிச் சொன்னால் ‘ஜெ-யில்’ என்று இரண்டு தட்டு வரும். லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் இவை இரண்டு கூட்டமே அல்ல. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே உயிர், ஒரே தட்டு.

ஆணைக் குறிக்கும் ‘மேல்’, தபாலைக் குறிக்கும் ‘மெயில்’ இரண்டும் அவர்கள் வாயில் துல்லியமாக ஒரே சொல். விற்பனையான ‘சேல்’, கப்பல் பாயான ‘செயில்’, விமானமான ‘பிளேன்’, வெறுமையான ‘பிளெயின்’, கதையான ‘டேல்’, வாலான ‘டெயில்’ எல்லாம் அப்படியே. எழுத்தைப் பார்த்து நாம்தான் பிரித்துவிட்டோம். ஆனாலும் அதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த இரு வகையும் வேறு வேறு ஒலிகள்தான். அதனால்தான் எழுத்தும் வேறு. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலான இடங்களில் இரண்டும் கலந்தன. பிறகு 1800 வாக்கில் அந்த நேர் ஒலி வளைந்து இன்றைய கூட்டுயிராக, அதாவது ஓர் உயிரில் தொடங்கி இன்னோர் உயிரை நோக்கி நகரும் ஒலியாக மாறியது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலும் தெற்கு வேல்ஸிலும் பழைய பிரிவு 20ஆம் நூற்றாண்டிலும் சிலர் பேச்சில் இருந்தது.

இந்தக் கட்டுரையில் அந்த ஒலியை ‘எஇ’ என்று எழுதுகிறோம். அதில் எகரம் பெரியது, இகரம் அதன் வால் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவலைப்படலாம்?

ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, ஜமைக்கா, இந்தியா ஆகிய இடங்களின் ஆங்கிலத்தில் நேர் ஏகாரம் இயல்பான உச்சரிப்பு. ஆகவே ‘லேட்’ என்று நீட்டிச் சொல்வது பிழை அல்ல, யாருக்கும் புரியும். சிக்கல் வேகமாகப் பேசும்போது வருகிறது. நமக்கு லேட்டும் லெட்டும் நீளத்தால் வேறுபடுகின்றன, தேன்–தென் போல. அவர்களுக்கோ வளைவால் வேறுபடுகின்றன. நீளத்தை அவர்கள் வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் (அதைக் கீழே பார்ப்போம்). அவசரத்தில் நம் ஏகாரம் சற்றுக் குறுகினாலும் போதும், கேட்பவருக்கு அது எகரம். காத்திரு என்பது ஈரம் ஆகிவிடும், அதாவது வெயிட் ‘வெட்’ ஆகும். காகிதம் மிளகாகும்: பேப்பர், பெப்பர். சுவை தேர்வாகும்: டேஸ்ட், டெஸ்ட். சேல் ‘செல்’ ஆகும், மெயின் ‘மென்’ ஆகும்.

எனவே முன்னுரிமை இப்படி: முதலில் ஏகாரத்தைக் குறுக்காமல் இருப்பது, அடுத்து வளைவு, கடைசியாக நீளத்தின் ஏற்றத்தாழ்வு. முதலாவது மட்டும் கைவந்தாலே பாதிச் சங்கடம் தீரும்.

தொடங்கும் இடம்

பலர் செய்யும் முதல் தவறு ஏகாரத்தில் தொடங்குவது. ‘ஏணி’ என்று சொல்லும்போதே நாக்கு நன்றாக உயர்ந்திருக்கும். அங்கிருந்து மேலே ஏற இடமில்லாததால் வளைவு காதில் விழாது. ‘நெல்’, ‘தெரு’, ‘செலவு’ ஆகியவற்றின் குறில் எகரம் இன்னும் சற்றுத் தாழ்வானது. அங்கே தொடங்குங்கள். நாநுனி கீழ்ப்பற்களின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கட்டும். உதடு சிரிப்பதற்கு முந்தைய நிலையில், இறுக்கமில்லாமல் இருக்கட்டும். மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் இடைவெளி போதும்.

அதற்குமேல் வாயைத் திறந்தால் அகரம் வந்துவிடும். அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வளைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் நாம் சறுக்கும் இடமும் அதுதான். லேட் ‘லைட்’ ஆகும், ரேஸ் ‘ரைஸ்’ ஆகும், மெயின் ‘மைன்’ ஆகும். ஆஸ்திரேலியாவின் கிராமத்துப் பேச்சில் நாள் என்ற சொல் நம் காதுக்கு ‘டை’ என்றே கேட்கும்; அது அவர்கள் வழக்கு, நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

முடியும் இடம்

முடிவு ‘இலை’யின் தளர்ந்த இகரம். ‘ஈ’ அல்ல. அந்த இகரத்தையும் முழுதாகத் தொட வேண்டாம். அதை நோக்கி நகர்ந்து, தொடுவதற்குள் குரலைத் தளர்த்திவிடுங்கள். உத்தேசமாக முக்கால் பங்கு நேரம் எகரத்துக்கு, கால் பங்கு நேரம் நகர்வுக்கு. குரலின் அழுத்தமும் முன்பாதியில்தான்.

யகர மெய் வந்துவிட்டாலும் கெட்டுவிடும். ‘நெய்’ என்று தனியாகச் சொன்னால் நம் நாக்கு யகரத்தில் ஊன்றி, பேச்சில் ‘நெய்யி’ என்றுகூட இழுக்கும். அந்த ஊன்றல் ஆங்கிலத்தில் கிடையாது. தமிழில் இதற்கு மிக அருகில் இருக்கும் சொல் ‘மேய்’. மாடு மேய்கிறது என்பதன் பகுதியை எடுத்து, முடிவிலுள்ள யகரத்தைப் பாதி விழுங்கினால், ஆங்கிலேயர் மே மாதத்தைச் சொல்லும் ஒலி ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

இணைப்பது

மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் எகரத்தை இரண்டு விநாடி பிடித்து, நிறுத்தாமல் இகரத்துக்குச் செல்லுங்கள்: எஎஎ-இ. நடுவே மூச்சோ குரலோ அறுபடக் கூடாது. அறுபட்டால் ஜெயில் கணக்கில் இரண்டு தட்டாகிவிடும். இரண்டாம் சுற்றில் மொத்த நேரத்தையும் பாதியாக்குங்கள். மூன்றாம் சுற்றில் ஒரு கைதட்டுக்குள் அடக்குங்கள். ஒவ்வொரு சுற்றும் பத்து முறை.

முன்னால் கண்ணாடி இருக்கட்டும். நேர் ஏகாரம் சொன்னால் தாடை அசையாது. எஇ சொன்னால் முடிவில் தாடை மெல்ல மேலேறுவது தெரியும். மெல்லத்தான், படக்கென்று மூடினால் யகரம் வந்துவிட்டது என்று பொருள்.

சரியாக வந்ததா என்று சோதிக்க

காதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் நம் காது ஏகாரத்தையும் எஇயையும் ஒன்றாகவே எண்ணிப் பழகியது. ஒலிப்பதிவைப் பின்னிருந்து முன்னாக ஓட்டும் வசதி ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. சொல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, அதாவது நாம் ‘சே’ என்று சொல்வதைப் பதிவு செய்து தலைகீழாக ஓட்டுங்கள். வளைவு இருந்தால் ‘யெஸ்’ என்று கேட்கும். நேர் ஏகாரமாக இருந்தால் ‘ஏஸ்’ என்றுதான் கேட்கும். ஐகாரத்துக்குச் சறுக்கியிருந்தால் ‘யாஸ்’ போல வரும். இதைவிட ஈவிரக்கமற்ற ஆசிரியர் கிடைப்பது கடினம்.

கணினியில் இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புவோர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஒலியின் நிறமாலை வரைவில் (ஸ்பெக்ட்ரோகிராம்) சிவப்புப் புள்ளிக்கோடுகள் தெரியும். கீழிருந்து முதல் கோடு இறங்கி, இரண்டாவது கோடு ஏறி, இரண்டும் விலகிச் சென்றால் அது எஇ. இரண்டும் தண்டவாளம் போல ஓடினால் ஏ. கோடுகள் தாறுமாறாகத் தெரிந்தால் அளவின் உச்ச வரம்பை மாற்றுங்கள்: ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ்.

நீளம் எதற்கு?

ஆங்கிலத்தில் உயிரின் நீளம் பின்னால் வரும் மெய்யைக் காட்டிக்கொடுக்கிறது. ப், ட், க், ச், ஸ், ஃப் போன்ற குரலில்லாத மெய் பின்தொடர்ந்தால் எஇ வெட்டுப்படும். குரலுள்ள மெய் வந்தால் நீளும். எதுவும் வராவிட்டால் இன்னும் நீளும். ஓட்டப்பந்தயமான ரேஸில் குட்டை. உயர்த்து என்ற பொருளுள்ள சொல்லில் ஸகரம் வண்டின் ரீங்காரம்போல் அதிர்வதால் நெட்டை. பாதுகாப்பான ‘சேஃப்’ குட்டை, சேமிக்கும் ‘சேவ்’ நெட்டை. இடமான ‘பிளேஸ்’ குட்டை, விளையாடுகிறான் என்பதற்கான ‘பிளேஸ்’ நெட்டை. சொல்லின் கடைசி மெய்யை ஆங்கிலேயர் பெரும்பாலும் மென்மையாக விட்டுவிடுவார்கள். அது எந்த மெய் என்று உயிரின் நீளத்தைக் கொண்டுதான் கேட்பவர் கண்டுகொள்கிறார். நாம் எல்லாவற்றையும் இரண்டு மாத்திரை ஏகாரமாக அளந்து வைத்தால் இந்தத் தடயம் அழிந்துபோகும்.

குட்டையாகும்போதும் வளைவை விட்டுவிடக் கூடாது. சுருங்குவது எகரப் பகுதி. வால் நிற்க வேண்டும். வெயிட் ‘வெட்’ ஆவது இங்கேதான்.

அக்கம்பக்கத்து மெய்கள் செய்யும் வேலை

தமிழர்க்கு எஇ கெடுவதற்கு முக்கியக் காரணம் உயிர் அல்ல, பின்னால் வரும் டகரம். நாம் ஆங்கில டகரத்தையும் நாநுனியை வளைத்துச் சொல்கிறோம். நுனி பின்னோக்கி வளையத் தொடங்கியதும் நாவின் முன்பகுதி பள்ளமாகிறது. அதே கணத்தில் அது மேலேற வேண்டுமே! வளைநாமெய் முன்னால் நிற்கும் உயிரை உள்ளிழுப்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல; பெட்டி ‘பொட்டி’ ஆவதிலும் பெண் ‘பொண்ணு’ ஆவதிலும் அந்த இழுப்புக்கும் பங்குண்டு. ஆகவே லேட், கேட், டேட் பழகும்போது நாநுனியை வளைக்காமல், மேற்பற்களுக்குச் சற்றுப் பின்னாலுள்ள ஈறு மேட்டில் ஒட்டுங்கள். தகரத்துக்கும் டகரத்துக்கும் இடைப்பட்ட இடம் அது. ‘மனம்’ என்பதில் னகரத்துக்கு நாக்கு தொடும் இடம். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதில் றகரத்தைத் தடுத்துச் சொல்வதும் அங்கேதான். கனடாவிலுள்ள ஈழத்தமிழர் தங்கள் நகரத்தை டகரம் போடாமல் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது அந்தக் காதின் நுட்பம்.

சொல் எஇயில் தொடங்கினால் வேறொரு சிக்கல். தமிழில் ‘எது’, ‘ஏன்’ என்று சொல்லும்போது முன்னால் மெல்லிய யகரம் தானாக ஒட்டிக்கொள்ளும்: ‘யெது’, ‘யேன்’. அதே பழக்கத்தில் எட்டு என்ற எண் ‘யெய்ட்’ ஆகிறது, வயது ‘யேஜ்’ ஆகிறது. இதற்கு எளிய மருந்து ஹகரம். வெறுப்பு என்ற பொருளுள்ள சொல்லை ‘ஹெஇட்’ என்று ஐந்து முறை சொல்லுங்கள். பிறகு ஹகரத்தை மூச்சளவுக்குக் குறைத்து, கடைசியில் விட்டுவிடுங்கள். மிஞ்சுவது சுத்தமான 8.

லகரத்துக்கு முன்னால் எஇயின் வால் நடுநாக்குப் பக்கம் திரும்பும். ஆங்கிலச் சொல்லிறுதி லகரம் நம்முடையதைவிடத் தடித்தது. மெயில், சேல், ஃபெயில் எல்லாவற்றிலும் ‘எஇஅல்’ போல ஒரு நிழல் தெரியும். அது இயல்பு, திருத்த வேண்டாம். ரகர எழுத்து வந்தால் கதையே வேறு. தலைமுடி, அக்கறை, நாற்காலி ஆகியவற்றுக்கான சொற்களில் இருப்பது எஇ அல்ல, வளையாத எகரம். அங்கே வாலை ஒட்டாதீர்கள்.

எழுத்தைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

பெரும்பாலும் நான்கு எழுத்துமுறையில் எஇ வரும். நேம் போல ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தான ‘ஏ’யும் ஒரு மெய்யும் இறுதியில் ஊமை ‘ஈ’யும் வருவது முதல் வகை. ரெயின் போல ஏ-ஐ, டே போல ஏ-வை, வெயிட் போல ஈ-ஐ மற்றவை. ஏமாற்றுபவற்றைத் தனியே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. சொன்னான் என்பது ‘செட்’ போலக் குறில் எகரம், கடைசி மெய் மட்டும் டகரத்தின் மெல்லோசை. சொல்கிறான் என்பதும் குறில்தான். சே என்ற மூலச் சொல்லில் எஇ இருப்பதால், படித்தவர்களும் இந்த இரண்டிலும் வாலை ஒட்டிவிடுகிறார்கள். கிரேட், பிரேக், ஸ்டேக் மூன்றும் ஈ-ஏ எழுத்துகளோடு எழுதப்பட்டாலும் எஇ ஒலிக்கும். வில்லேஜ், மெசேஜ், லக்கேஜ் என்று நாம் நீட்டும் சொற்களின் கடைசியில் எஇ கிடையாது; ‘இஜ்’ என்று சுருங்கும்.

தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டுவோர்க்கு ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துப் பெயர்களில் 1ஆம், 8ஆம், 10ஆம், 11ஆம் எழுத்துகளில் எஇ இருக்கிறது. அவற்றில் எட்டாவதைத் தமிழர் பெரும்பாலும் ‘ஹெச்’ என்று குறிலாகச் சொல்கிறோம். அது ‘எஇச்’, அயர்லாந்தில் ‘ஹெஇச்’. இரண்டிலும் வளைவு உண்டு.

ஸ்பானிஷ் படிப்போர் இங்கே கவனிக்க

ஆங்கில எஇ பழகிய கையோடு ஸ்பானிஷுக்குப் போனால் அந்தப் பழக்கம் காலை வாரும். ஸ்பானிஷில் உயிர் ஐந்துதான்: ஆ, எ, ஈ, ஒ, ஊ போன்றவை. நெடில் குறில் பாகுபாடு இல்லை. எகரம் எகரமாகவே நிற்கும், வாலுக்கு இடமில்லை. நம் மேசை போர்த்துகீசியத்திலிருந்து வந்தது; ஸ்பானிஷிலும் அதே எழுத்துகளில் ‘மெசா’ உண்டு. அமெரிக்கர் அதை ‘மெஇசா’ என்பார். கேட்ட உடனே வெளியூர் வாடை வீசும். இந்த இடத்தில் தமிழருக்கு ஆதாயம். நம் நேர் எகரம் அப்படியே செல்லுபடியாகும், அதிகம் நீட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் ஸ்பானிஷிலும் எ-இ சேர்ந்த கூட்டுயிர் தனியாக உண்டு. அது ‘செய்தி’யில் வரும் ‘எய்’. குறில் எகரம், உடனே ஊன்றிய யகரம், சுறுசுறுப்பாக முடிவது. ஆங்கில எஇ போல இழுக்காது, பின்வரும் மெய்யைப் பார்த்துப் பெரிதாக நீளவோ குறுகவோ செய்யாது. ஆறு என்பது ‘செய்ஸ்’, அரசன் ‘ர்ரெய்’, சட்டம் ‘லெய்’, அரசி ‘ர்ரெய்னா’, எண்ணெய் ‘அசெய்த்தெ’ (ஸ்பெயினின் பெரும்பகுதியில் சகரத்துக்குப் பதிலாக நாநுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதுவார்கள்). இருபதும் முப்பதும் ‘பெய்ன்தெ’, ‘த்ரெய்ன்தா’. முதலாவதில் பகரம் அதிர்வுள்ளது. இரண்டிலும் தகரம் வல்லோசை. ‘பந்து’வில் வரும் மெல்லிய தகரம் அல்ல.

தமிழில் செய்தி ‘சேதி’ ஆகும், பெயர் ‘பேர்’ ஆகும். எய் என்பதை ஏ ஆக்கும் இந்தப் பழக்கம் ஸ்பானிஷில் ஆபத்து. இருபதைச் சொல்லப்போய் யகரம் விழுந்தால் ‘வா’ என்று அழைத்ததாகிவிடும். ‘ர்ரெய்னொ’ முடியரசு, ‘ர்ரெனொ’ பனிமான். ‘பெய்னா’ தலை வாருகிறாள், ‘பெனா’ துயரம். சீப்பு ‘பெய்னெ’, இதில் யகரத்தை விட்டால் வருவது ஆணின் உறுப்புக்கான சொல். சீப்பு வாங்கக் கடைக்குப் போகுமுன் இந்த ஒன்றையாவது நூறு முறை சொல்லிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இகரத்தின் மேல் சாய்கோடு இருந்தால் கூட்டுயிர் உடைந்து இரண்டு தட்டாகும், அழுத்தமும் இகரத்துக்கே போகும். ‘லெய்’ சட்டம், ‘லெ-ஈ’ நான் வாசித்தேன். ‘ர்ரெய்’ அரசன், ‘ர்ரெ-ஈ’ நான் சிரித்தேன். சாய்கோடு எகரத்தின் மேல் இருந்தால் உடையாது: நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்பது ‘கொமெய்ஸ்’, இரண்டே தட்டு. இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நின்றாலும் எகரமும் இகரமும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். இத்தாலியிலிருந்து என்பதற்கான ‘தெ’, ‘இத்தாலியா’ இரண்டும் சேர்ந்து ‘தெய்த்தாலியா’ என்றே காதில் விழும்.

ஸ்பானிஷ்காரர் ஒருவருக்கு மின்னஞ்சல் முகவரியை ஆங்கில எழுத்துப் பெயர்களால் சொல்லவே சொல்லாதீர்கள். முதல் எழுத்தை நீங்கள் ‘எஇ’ என்றால், அவர் ‘எ’ என்று பெயர் கொண்ட ஐந்தாம் எழுத்தைக் குறித்துக்கொள்வார். ஐந்தாம் எழுத்தை ‘ஈ’ என்றால், அவர் எழுதுவது ஒன்பதாவது எழுத்து. முதலாவது ‘ஆ’, ஐந்தாவது ‘எ’, ஒன்பதாவது ‘ஈ’ என்று அவர்கள் முறையிலேயே சொல்லுங்கள். எட்டாவது ‘ஆச்செ’, பத்தாவது ‘ஹோத்தா’, அந்த ஹகரம் தொண்டையிலிருந்து கரகரப்பாக.